சுவிசேஷத்துக்கு முகவரி ஒட்டாதீர்கள்

மத்தேயு யூதருக்கு, மாற்கு ரோமருக்கு, லூக்கா கிரேக்கருக்கு. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இது மனப்பாடம். ஆய்வாளர்கள் பலர் இதையே ‘மத்தேயுவின் சமூகம்’, ‘யோவானின் சமூகம்’ என்று விரித்து எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு சுவிசேஷமும் ஒரு தனிச் சபைக்குள் பிறந்து அதற்காகவே எழுதப்பட்டது, ஆகவே நூலைப் படித்தால் அந்தச் சபையின் சச்சரவுகள்வரை தெரிந்துவிடும் என்பது இவர்கள் கட்சி. அந்த நூல்கள் யார் யார் கையில் இருந்தன என்று தேடிப் பார்த்தால் இந்தக் கட்சி நிற்காது.

மத்தேயுவையே எடுத்துக்கொள்வோம். நியாயப்பிரமாணத்தை விடாத எபியோனியர் என்ற யூதக் கிறிஸ்தவப் பிரிவினர் மத்தேயுவை மட்டுமே ஏற்றார்கள் என்று கி.பி. 180 வாக்கில் லியோன் நகர ஆயர் இரேனியஸ் எழுதுகிறார். அவர்களை மறுக்கும் இரேனியஸுக்கும் அதே மத்தேயு வேதம்தான். விருத்தசேதனம் வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் ஒரே நூலை வாசித்திருக்கிறார்கள். நூலுக்குள்ளும் இதே நிலைதான். 10ஆம் அதிகாரத்தில் சீஷரை இஸ்ரவேலரிடம் மட்டும் அனுப்பும் இயேசு, 28இல் சகல ஜாதிகளிடமும் அனுப்புகிறார். எந்த வசனத்தை வைத்துச் சமூகத்தை வரைவது? மாற்கின் பத்தில் ஒன்பது பங்கு மத்தேயுவில் இருக்கிறது. ‘ரோமருக்கு’ எழுதிய நூல் ‘யூதருக்கு’ எழுதியவர் கைக்கு அத்தனை சீக்கிரம் எப்படிப் போனது? ஆட்கள் நடந்தார்கள், நூல்களும் கூடவே போயின. யூதக் கிறிஸ்தவ மணம் கமழும் திதாக்கே என்ற பழைய நூல் இந்த நடமாட்டத்துக்குச் சாட்சி. ஊருக்கு வரும் அப்போஸ்தலன் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டு நாள். மூன்று நாள் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த ஊர்வரைக்கும் ரொட்டி கொடு, காசு கேட்டால் நம்பாதே என்கிறது அது. இவ்வளவு கறாரான விதி வேண்டியிருந்தது என்றால் வந்துபோனவர்கள் கொஞ்சம் பேராக இருந்திருக்க முடியாது.

மாற்கு 7இல் யூதரின் கைகழுவும் வழக்கத்தை விளக்குகிறாரே, அது புறஜாதியாருக்கு எழுதியதற்குச் சான்றல்லவா என்று கேட்கலாம். அந்த வழக்கம் தெரியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதற்குத்தான் அது சான்று. அவர்கள் மட்டுமே வாசிப்பார்கள் என்பதற்கல்ல. இதைவிட வலுவான ஆட்சேபம் யோவான் 9:22. இயேசுவை அறிக்கையிடுவோரை ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்கும் அந்தச் செய்தியை, யோவானின் சபைக்கே நேர்ந்த கதையாக 1968இல் ஆய்வாளர் லூயிஸ் மார்ட்டின் வாசித்தார். துணைக்கு, மதப்புரட்டருக்கு எதிரான யூத ஜெபத்தைக் காட்டினார். ஆனால் நசரேயரைப் பெயர் சொல்லும் அந்த ஜெபத்தின் வடிவம் கெய்ரோவில் கிடைத்த இடைக்காலப் பிரதிகளில்தான் இருக்கிறது. முதல் நூற்றாண்டில் எங்கும் கதவு அடைபட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. 386இலும் அந்தியோகியாக் கிறிஸ்தவர்கள் யூதப் பண்டிகைகளுக்கு ஜெப ஆலயம் போய்க்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டித்துத்தான் அந்த ஊர்க் குரு கிறிசோஸ்தம் பிரசங்கம் பண்ணினார்.

இது வெறும் ஏட்டுச் சண்டை அல்ல. மத்தேயுவை யூதருக்கென்று ஒதுக்கிவிட்டால், 23ஆம் அதிகாரத்தில் மதத் தலைவர்களின் மாய்மாலத்தின்மேல் விழும் கடிந்துரை ஓர் இனத்தின் தலையில் இறங்குகிறது. நம் தலைவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். ‘இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேல்’ என்று கூட்டம் சொல்லும் 27:25, யூதர் எல்லார்மேலும் பழியாக நூற்றாண்டுக்கணக்கில் சுமத்தப்பட்டது. போதகர்களே, அந்த மனப்பாட வரியை இனி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.