மேனேஜர் ஆனால்தான் முன்னேற்றமா?



ஐ.டி.யில் பத்து வருடம் வேலை பார்த்த பிள்ளையைக் கல்யாண வீட்டில் பார்த்ததும் கேட்கிறோம்: "இன்னும் மேனேஜர் ஆகலையா?" தயவுசெய்து இதை நிறுத்துவோம்.

ஐ.பி.எம். நிறுவனம் 1962-லேயே 'ஃபெல்லோ' என்ற பதவியை உருவாக்கியது. தொழில்நுட்பத்தில் கரைகண்டவர்களுக்கு அங்கே அதுதான் உச்ச கௌரவம். ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜான் பேக்கஸ் அதைப் பெற்றவர். இன்று கூகுள், மைக்ரோசாஃப்டிலும் இரண்டு ஏணிகள் உண்டு: ஒன்று ஆட்களை நிர்வகிக்க, மற்றொன்று தொழில்நுட்பத்திலேயே உயர.

பள்ளியிலும் பார்த்திருக்கிறேன். அருமையாகக் கணக்கு நடத்துபவர் தலைமையாசிரியர் ஆனதும், சாக்பீஸைத் தொடவே நேரமிருக்காது. பள்ளிக்கு ஒரு நிர்வாகி கிடைத்தார். வகுப்புக்கு வாத்தியார் போய்விட்டார்.

பிள்ளைகளே, இரண்டாவது ஏணி சுலபம் என்று எண்ணாதீர்கள். நன்றாக புரோகிராம் எழுதுவது பாதி தூரம்தான். அதற்கு மேல், பல குழுக்களைப் படுத்தும் சிக்கலைத் தீர்ப்பதும், இளையவர்களைக் கைதூக்கி விடுவதும்தான் உங்களை உயர்த்தும்.

சில கம்பெனிகளில் இந்த ஏணி பேப்பரில் மட்டும் இருக்கும். சேருமுன் கேளுங்கள்: "மேனேஜர் ஆகாமலே இங்கே மேலே போனவர் யார்?" ஒருவர் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை என்றால், யோசித்துச் சேருங்கள்.