பதின்மூன்று ரூபாய் யார் பையிலே?

கோவிலூர் மளிகைக் கடையிலே குளியல் சோப்புக்கும் பற்பசைக்கும் கொடுக்கும் காசை எண்ணிப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22-ல் அவற்றின் வரி 18 சதவிகிதத்திலிருந்து 5 ஆக இறங்கியது. 118 ரூபாய்ச் சாமான் 105-க்கு வரவேண்டும். கல்லாப்பெட்டிக் கம்ப்யூட்டரிலே பழைய விலையே இருந்தால், அந்த 13 ரூபாய் யார் பையிலே?

அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டால் குற்றம். தொழிலாளர் துறை ஆய்வாளர் நடவடிக்கை எடுக்கலாம். அச்சிட்ட விலைக்குள்ளேயே அமுக்கினால்? அதைப் பிடிக்கத்தான் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 171-ஆம் பிரிவு. வேடிக்கையைக் கேளுங்கள்: அதன்கீழ்ப் புதுப் புகார் ஏற்பதில்லை என்று 2025 ஏப்ரல் 1 முதலே மத்திய சர்க்கார் கதவைச் சாத்திவிட்டது! பூட்டைக் கழற்றிவிட்டுப் பெட்டியை நிரப்பிய புத்திசாலித்தனம்!

மிச்சமிருப்பது 1915 என்ற நுகர்வோர் தொலைபேசி எண். ரசீதைக் கேட்டு வாங்குங்கள்; கூப்பிடுங்கள்.