சோற்றுக்குள்ளேயே சத்து வேண்டும்



"வயிறு நிறைஞ்சுது, அப்புறம் என்ன குறை?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். வயிறு நிறைவது வேறு. உடம்பில் சத்து சேர்வது வேறு. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி, மலேசியாவில் பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களில் பத்துக்கு மூன்று பேருக்கு இரத்தச்சோகை இருந்தது. பால் வாளியைத் தூக்கினால் மூச்சு வாங்குவதும், உதிரிப் பழம் பொறுக்கக் குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுவதும் பல சமயம் சோம்பல் அல்ல. இரும்புச் சத்துக் குறைவு.

மருத்துவரிடம் போனால், "ஈரல் சாப்பிடுங்க, மீன் சாப்பிடுங்க, பழம் சாப்பிடுங்க" என்கிறார். நல்ல வார்த்தைதான். ஆனால் அந்தப் பட்டியலைக் கடைக்குக் கொண்டுபோனால் பணப்பை இடம் கொடுப்பதில்லையே! கடைசியில் வீட்டுக்கு வருவது அரிசி மூட்டைதான். அப்படியானால் ஏழை தினமும் உண்ணும் பொருளுக்குள்ளேயே சத்து இருந்தால் என்ன? இந்தக் கேள்வியைத்தான் பயிர் ஆராய்ச்சியாளர்கள் கையில் எடுத்திருக்கிறார்கள். இது நம்முடைய விவகாரம் என்பது என் கருத்து.

ஒரு தானியத்துக்குள் இருக்கும் சத்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் காக்கும் என்பதற்குச் சாட்சி இந்த மண்ணிலேயே உண்டு. நூறாண்டுகளுக்கு முன் மலாயாவில் 'பெரிபெரி' என்ற நோய் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனது. கால் வீங்கி, நெஞ்சு அடைத்துச் செத்தார்கள். ஆனால் நம் பாட்டன் பூட்டன்மாரை அது அவ்வளவாகத் தொடவில்லை. ஏன்? அவர்கள் உண்டது தீட்டிய பச்சரிசி. நம்மவர் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் 'பி1' வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த டாக்டர் பிராட்டன் இந்த வேறுபாட்டைக் கவனித்து 1907-ல் நூலாகவே எழுதினார். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் டாக்டர் ஃபிளெட்சர் ஒரு பகுதியினருக்குப் பச்சரிசியும் மறு பகுதியினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களிடம்தான் நோய் பரவியது.

அன்று அவிக்கும் முறை செய்த வேலையை இன்று விதையே செய்ய வைக்கப் பார்க்கிறார்கள். சத்து அதிகமுள்ள பழைய ரகத்தையும் விளைச்சல் அதிகமுள்ள ரகத்தையும் ஒட்டுச் சேர்த்து, இரண்டு குணமும் உள்ள பயிரைப் பொறுக்கி எடுக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் மொசாம்பிக், உகாண்டா நாடுகளில் வெள்ளைச் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குப் பதிலாக, 'ஏ' வைட்டமின் தரும் ஆரஞ்சுநிறக் கிழங்கைக் குடியானவர்களுக்குக் கொடுத்தார்கள். தாய்மாரும் பிள்ளைகளும் அதை விரும்பி உண்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த 'ஏ' வைட்டமினும் கூடியது. இந்தப் பணிக்காக 2016-ல் நால்வருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. இந்தியாவில் இரும்புச் சத்து மிகுந்த 'தனசக்தி' கம்பு 2012-ல் மகாராஷ்டிர விவசாயிகளுக்கு வந்தது. பங்களாதேஷில் துத்தநாகச் சத்துள்ள நெல் 2013-ல் வந்தது.

அரிசியில் ஒரு சிக்கல் உண்டு. இரும்புச் சத்தில் பெரும்பகுதி அரிசியின் மேல்தோலில்தான் இருக்கிறது. ஆலையில் தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடுகிறது. ஆகவே நெல்லில் இரும்பைக் கூட்டுவது கம்பில் கூட்டுவதுபோல் சுலபமல்ல. வேற்று உயிரின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய மஞ்சள்நிறப் 'பொன் அரிசி'யின் கதையும் நமக்குப் பாடம். பிலிப்பீன்ஸ் அதைப் பயிரிட 2021-ல் அனுமதித்தது. 2024-ல் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. ஒட்டுச் சேர்த்த கிழங்கையும் கம்பையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

"இதெல்லாம் ஏழையை வெறும் சோற்றோடு நிறுத்தி வைக்கும் தந்திரம், சம்பளத்தைக் கூட்டினா நாங்களே மீன் வாங்கித் தின்னுவோமே!" என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். அந்தச் சந்தேகத்தில் நியாயம் உண்டு. சத்துள்ள விதையைக் காட்டிச் சம்பளப் பேச்சை மூட யாரையும் விடக் கூடாது. எந்த நெல்லும் மீனுக்கும் முட்டைக்கும் ஈடாகாது. ஆனால் சம்பளம் கூடும்வரை பிள்ளையின் இரத்தம் காத்திருக்குமா? இரண்டையும் சேர்த்தே கேட்போம். நெல் ஆராய்ச்சி செய்வோர் விளைச்சலை மட்டும் பார்க்காமல் சத்தையும் பார்க்கவேண்டும் என்பது உழைப்பவனின் கோரிக்கையாக ஒலிக்க வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. நம் நாட்டு மார்டி விவசாய ஆராய்ச்சிக் கழகமே 'வீட்டாட்டோ' என்ற ஆரஞ்சுநிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கை வெளியிட்டிருக்கிறது. வீட்டுக் கொல்லையில் கொஞ்சம் இடம் இருந்தாலும் ஆரஞ்சுக் கிழங்குக் கொடி நடுங்கள். அவித்துத் தேங்காய்ப்பூவோடு கொடுத்தால் பிள்ளைகள் தானாகத் தின்னும். கொழுப்புச் சேர்ந்தால்தான் அந்தச் சத்தும் உடம்பில் ஒட்டும். ஆயாக்கொட்டகையிலும் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச் சாலையிலும் இதைக் கொடுக்கும்படி கிளைத் தலைவர்கள் கேட்கலாம். இரத்தத்துக்கு முருங்கைக் கீரையும் நெத்திலியும் ஆகும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள். அது இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் போகட்டும். கர்ப்பிணிகள் கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையைத் தவறாமல் சாப்பிட வேண்டும்.

புழுங்கல் அரிசியில் சத்து இருந்தது அன்று நமக்குத் தெரியாமலே கிடைத்த அதிர்ஷ்டம். இனி நாம் தெரிந்து கேட்டு வாங்கவேண்டிய காலம், தோழர்களே!