சாக்கடை நீரும் கரி முனையும்

நகரங்களை அடுத்த நிலங்களில் சாக்கடை நீரைப் பாய்ச்சிப் புல் வளர்ப்பது பழைய வழக்கம். அந்நீரின் உரச் சத்தைக் குடியானவர் நன்கறிவர். அதன் நாற்றத்தையும் நோயையும் அறிவர். அந்நீரே மின்சாரம் தரும், அதைக் கொண்டு பம்பை ஓட்டலாம் என்று எவரேனும் சொல்லி வந்தால், அதில் மெய் எவ்வளவு என்பதைக் கிராம அதிகாரிகள் அறிந்திருத்தல் அவசியம்.

மெய் இல்லாமலில்லை. நுண்ணுயிர்களால் மின்சாரம் உண்டாவதை 1911-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் பாட்டர் என்னும் தாவர நூல் பேராசிரியர் காட்டினார். கழிவு நீரில் அமிழ்ந்த முனையின்மேல் பாக்டீரியா படிந்து, அழுக்கைத் தின்று, எலெக்ட்ரான்களை விடுகின்றன. அவை கம்பி வழியே காற்றுப்படும் மறு முனைக்குச் செல்ல, அங்கே பிராணவாயு நீராக மாறுகிறது. சிக்கல் இம்மறு முனையில்தான். பிராணவாயு எளிதில் இணங்குவதன்று. ஆதலின் வினையூக்கியாகப் பிளாட்டினம் பூசி வந்தனர். பிளாட்டினமோ நகைக்கடைச் சரக்கு. போதாக்குறைக்குச் சாக்கடையிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டால் அதன் சக்தி குன்றும்.

இக்குறையைக் கரி தீர்த்தது. நீராவியில் புடமிட்டு நுண்துளைகள் பெருகச் செய்த கரியை உலோக வலைமேல் அழுத்தி, 2009-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணப் பல்கலைக்கழகத்தில் லோகன் குழுவினர் சோதித்தனர். சதுர மீட்டருக்கு 1,220 மில்லிவாட் கிடைத்தது. பிளாட்டினம் பூசிய துணியோ 1,060 மில்லிவாட்டே தந்தது. (தென்னந்தோப்பு உடையவர் சிரட்டையை இருப்பு வைக்க விரைய வேண்டாம், பலவகைக் கரிகளை 2013-இல் ஒப்பிட்டதில் நிலக்கரியினின்று செய்ததே முந்தியது.)

இனிப் பம்பைக் கவனிப்போம். ஒரு குதிரை சக்தி 746 வாட். மேற்கண்ட கணக்கில் அதற்கு 600 சதுர மீட்டருக்கு மேல் கரி முனை வேண்டும். அதுவும் ஆய்வுச்சாலையில் அசிடேட் உப்புக் கரைத்த நீரில் கண்ட அளவு. மெய்யான வீட்டுக் கழிவு நீரை அங்கேயே 2004-இல் விட்டுப் பார்த்தபோது, பிளாட்டின முனை இருந்தும், கிடைத்தது 26 மில்லிவாட். அக்கணக்கில் ஒரு குதிரை சக்திக்கு ஏழு ஏக்கர் பரப்புள்ள முனை தேவை. ஏழு ஏக்கர் உடையவர் அதில் நெல் நடுவதே மேல்.

ஆயினும் அச்சோதனையிலேயே நீரின் கரிமக் கழிவு 80 சதவீதம் வரை நீங்கிற்று. மதிக்கத்தக்கது இதுவே. நகரச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவு நீருள் காற்றை ஊதவே மின்செலவில் பெரும்பங்கு போகிறது. இம்முறையில் வெளிக்காற்றே போதும். தழைச்சத்தும் மணிச்சத்தும் பெருமளவு நீரில் தங்குவது பயிருக்கு நன்று. நோய்க்கிருமிகளும் தங்குமாதலால் பச்சையாக உண்ணும் காய்கறிகளுக்கு அந்நீர் ஆகாது.

கரி முனையிலும் நாளடைவில் பாக்டீரியாப் படலமும் உப்பும் ஏறித் துளைகள் அடைபடும். சுரண்டியும் மெல்லிய அமிலத்தால் கழுவியும் ஓரளவு மீட்கலாம். ஆதலின் ஊர்ப் பொதுப்பணத்தில் இதனை அமைக்கக் கோரி வருவோரிடம், மின்சாரம் எவ்வளவு என்று கேட்பதைவிட, ஓராண்டு கழித்து முனையைக் கழுவுபவர் யார், அச்செலவு எவருடையது என்பதை எழுத்தில் வாங்கிய பின்னரே அதிகாரிகள் கையொப்பமிட வேண்டும்.