ஐந்து வயது வாசகியும் நம் இசைநாடக மேடையும்

அறிவுள்ள குழந்தையை வீடு கொண்டாடும், ஊர் போற்றும் என்பது நாம் விரும்பி நம்பிவரும் கருத்து. நடப்பு அவ்வாறில்லை. பெண்குழந்தையின் கூர்த்த அறிவு எத்தனை இல்லங்களில் 'வாய்த்துடுக்கு' என்னும் பெயரால் அடக்கப்படுகிறது என்பதை வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் எவரும் அறிவர். உமறுப் புலவரை நாம் பெருமையோடு நினைக்கின்றோம். நறுமணப் பொருள் விற்ற வணிகரின் மகனுக்குக் கடிகைமுத்துப் புலவர் ஆசானாக வாய்த்தார், சீதக்காதி வள்ளலாக வாய்த்தார், சீறாப்புராணம் பிறந்தது. அவ்விருவரும் வாய்க்காத உமறுகள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு இல்லை.

ஆங்கில எழுத்தாளர் ரோல்ட் டால் 1988ஆம் ஆண்டு வெளியிட்ட 'மட்டில்டா' என்னும் சிறுவர் புதினம் இப்பொருளையே எடுத்துக்கொண்டது. மூன்று வயதில் தானாகவே படிக்கக் கற்றுக்கொண்ட சிறுமி அவள். தந்தையிடம் ஒரு புத்தகம் கேட்கிறாள். தொலைக்காட்சி இருக்கும்போது புத்தகம் எதற்கு என்கிறார் தந்தை. நான்கு வயதுச் சிறுமி தனியே நடந்து சென்று ஊர் நூலகத்தின் கதவைத் திறக்கிறாள். இப்புதினத்தை இங்கிலாந்தின் ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழு இசைநாடகமாக்கி 2010ஆம் ஆண்டு ஸ்ட்ராட்ஃபோர்டில் மேடையேற்றியது. உரையாடலை டென்னிஸ் கெல்லியும், பாடலையும் இசையையும் டிம் மின்ச்சினும் அமைத்தனர். 2011இல் இலண்டனுக்கும் 2013இல் நியூயார்க்குக்கும் சென்றது. 2022இல் திரைப்படமாகவும் வந்தது.

புதினத்தில் இல்லாத ஒரு செய்தியை நாடகம் சேர்த்திருக்கிறது. ஆண்பிள்ளையை எதிர்பார்த்திருந்த தந்தை, மகளை நெடுகிலும் 'பையா' என்றே அழைக்கிறார். ஒவ்வொரு முறையும் அச்சிறுமி தான் பெண் என்று திருத்துகிறாள். இதற்கு உரை எழுதத் தமிழ்நாட்டு வாசகருக்குப் பிறர் உதவி வேண்டியதில்லை. நூலகர் திருமதி ஃபெல்ப்ஸிடம் அவள் புத்தகம் வாங்கிச் செல்வதோடு நிற்பதில்லை. தானே புனைந்த கதையொன்றை நாள்தோறும் சிறிது சிறிதாகச் சொல்கிறாள். நூலகர் அடுத்த பகுதிக்காகக் காத்திருக்கிறார். நாடகத்தின் உயிர் அவ்விடத்தில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. புத்தகம் தருவோர் பலர் இருக்கக்கூடும். குழந்தை சொல்வதைக் கேட்க உட்காருவோர் அரியர்.

இந்த மட்டில்டாவின் தந்தை பழைய கார்களை வாங்கி விற்பவர். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைப் பின்னோக்கிச் சுழற்றி ஏமாற்றுபவர். கார் வணிகனின் வீட்டில் புத்தகமில்லை என்னும் அச்செய்திதான் என் எண்ணத்தை ஒரகடத்துக்குக் கொண்டு சென்றது. நம் பகுதித் தொழிலாளர் அத்தந்தையைப் போன்றவரல்லர். உழைத்து உண்பவர்; பிள்ளைகள் படிக்கவேண்டும் என்பதற்காகவே ஊர்விட்டு ஊர் வந்தவர். ஆயினும் கார் மிகுந்து நூல் குறைந்த இடம் என்னும் ஒப்புமை என்னை விடவில்லை.

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும் ஸ்ரீபெரும்புதூர் - சிங்கப்பெருமாள்கோயில் சாலையும் சந்திக்கும் ஒரகடத்தைச் சுற்றி முப்பது ஆண்டுகளுக்கு முன் ஏரியும் வயலுமே இருந்தன. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால்கோள் இட்டது. 2006இல் வந்த நோக்கியா 2014இல் கதவடைத்தது. 2010இல் ரெனோ நிசான், 2012இல் டெய்ம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என ஒரகடம் நிறைந்தது. சுங்குவார்சத்திரத்தில் உலகம் முழுவதும் செல்லும் கைப்பேசிகள் பூட்டப்படுகின்றன. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்க்காக 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் திறக்கப்பட்டது. படுக்கைகளின் எண்ணிக்கை செய்தித்தாளில் வந்தது. அங்கே நூல்கள் எத்தனை என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றும் மேற்படிப்பைத் தொடராமல் பதினெட்டு வயதில் பூட்டு வரிசையில் நிற்கும் பெண்களுள் எத்தனை மட்டில்டாக்கள் இருப்பர்!

அவர்களாவது பள்ளியைக் கண்டவர். ஆலைகளையும் கட்டுமானப் பணிகளையும் நம்பி ஒடிசா, பீகார், வங்காளம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நிலை வேறு. ஒற்றை அறைகளை வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் பகுதி ஒன்றில், எட்டு வயது இருக்கக்கூடிய சிறுமி, சன்னலை அடைத்து வைத்திருந்த அட்டைப்பெட்டியின் எழுத்துகளை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்ததை நான் கண்டதுண்டு. முதலில் இந்தி எழுத்து. அடுத்து எதிர்க்கடைப் பலகையின் தமிழ் எழுத்து. வீட்டில் பேசும் மொழியோ ஒடியா. மூன்று மொழியின் வாயிலில் நிற்கும் அக்குழந்தையின் கையில் ஒரு புத்தகமும் இல்லை. நம் பல்கலைக்கழகங்களில் ஒப்பிலக்கியம் பயில்வோர் அவளிடம் பாடம் கேட்கலாம் என்று வேடிக்கையாக நினைத்துக்கொண்டேன்.

இந்திய நாட்டிலேயே முதன்முதலாகப் பொதுநூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதனின் இடையறா முயற்சியால் 1948இல் அச்சட்டம் நிறைவேறியது. சொத்துவரியோடு நூலக வரியும் சேர்த்தே வாங்கப்படுகிறது. எனவே தொழில் வளர்ந்து கட்டடம் பெருகும் பகுதியில் நூலகமும் வளரவேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. ஆனால் கட்டடம் ஒன்று இருந்தால் மட்டும் போதுமா? தந்தை இரவு முறைப் பணிக்கும் தாய் பகல் முறைப் பணிக்கும் செல்லும் வீட்டுக் குழந்தை எந்நேரம் நூலகம் செல்லும்? ஆண்டுக்கொரு முறை அறை மாற்றும் குடும்பம் எந்த முகவரியைக் காட்டி உறுப்பினராகும்? கனரக வண்டிகள் ஓயாது ஓடும் அச்சாலையை நான்கு வயதுக் குழந்தை எவ்வாறு கடக்கும்? மட்டில்டா நடந்து சென்ற ஊரில் நடைபாதை இருந்தது.

கடக்கமுடியாத குழந்தையிடம் நூலகம்தான் வரவேண்டும். இதுவும் நமக்குப் புதிதன்று. 1931ஆம் ஆண்டு மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். நடமாடும் நூலகத்தின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. மாட்டுவண்டியால் இயன்றது, சரக்குந்துகளைச் செய்து அனுப்பும் மண்ணில் ஒரு வேனால் இயலாதோ?

வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர் பிள்ளைகளுக்கு நூலகமும் நாடகமும் எதற்கு, முதலில் சோறு கிடைக்கட்டும் என்று பெரியோர் சிலர் கூறக்கூடும். அவ்வினாவை நான் இகழவில்லை. அதற்கான விடை நம் நாடக மேடையின் வரலாற்றிலேயே இருக்கிறது என்பதைத்தான் சொல்ல விழைகிறேன்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பெண்வேடத்தில் புகழ்பெற்றிருந்த கண்ணுசாமிப் பிள்ளை தம் பிள்ளைகளை அதில் சேர்த்தார். அவர்களுள் சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அச்சிறுவனின் ஆற்றலைக் கண்ட சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஓர் இரவில் எழுதி முடித்தார் என்பர். இவ்வாறு எழுந்த 'பாய்ஸ் கம்பெனி'கள் வறுமையுற்ற வீடுகளின் பிள்ளைகளுக்குச் சோறு போட்டன, தமிழ் போட்டன; அடியும் போட்டன. பள்ளியை இழந்த பிள்ளைகள் பாடத்தைக் காதால் கேட்டு நெட்டுருச் செய்தனர். இரவெல்லாம் விழித்து ஆடினர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் அவ்வாறு சேர்ந்த சிறுவர்களுள் ஒருவர் எம்.ஜி.ஆர். பசியை அறிந்த அவரே முதலமைச்சராகி 1982இல் சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். காமராசர் தொடங்கியது அவர் கையில் விரிந்தது; 2022 முதல் காலை உணவும் சேர்ந்திருக்கிறது. சோறு வேண்டும் என்னும் வாதத்தைத் தமிழ்நாடு ஏற்றுக்கொண்டு பல்லாண்டுகள் ஆயின. அடுத்த வாதத்துக்கு நேரம் வந்துவிட்டது.

இவ்வரலாற்றில் ஒரு முரண் உண்டு. நம் மேடை முழுவதும் திறமை மிக்க, வீட்டாரால் கைவிடப்பட்ட பிள்ளைகள் நிறைந்திருந்தனர். அவர்கள் அபிமன்யுவாகவும் பிரகலாதனாகவும் ஆடினர். தாமாக மட்டும் ஒருநாளும் ஆடவில்லை. அவர்கள் கதையை நாடகமாக்க எவர்க்கும் தோன்றவில்லை.

பெண்குழந்தையின் கதை இன்னும் வியப்பானது. பெற்றோரால் பிறந்தவுடன் கைவிடப்பட்டுப் பாணர் வீட்டில் வளர்ந்த அறிவுக்குழந்தை ஒருத்தி நம் மரபிலேயே இருக்கிறாள். அவள் ஔவை. கதை மரபு அவளை என்ன செய்தது? திருமணத்தினின்று தப்பிக் கலைமகள் தொண்டில் வாழ வேண்டுமாயின் இளமையைத் துறந்தாகவேண்டும் என்று, ஒரு நொடியில் கிழவியாக்கிவிட்டது. 1942இல் டி.கே.எஸ். சகோதரர்கள் 'ஔவையார்' நாடகத்தை அரங்கேற்றினர். முன்னர்க் கூறிய சண்முகமே ஔவையாக நடித்தார். 'ஔவை சண்முகம்' என்னும் பெயரும் பெற்றார். ஆறு வயதில் மேடையேறிய சிறுவன் முப்பது வயதில் மூதாட்டியாகிக் கோலூன்றி நின்றதைத் தமிழகம் கையெடுத்துக் கும்பிட்டது. நடிப்பில் குறையில்லை. எனினும் கற்ற பெண்ணைத் தலை நரைத்த பின்னரே நம் மேடை ஏற்றுக்கொண்டது என்பதை மறைக்கமுடியாது. நூலை நெஞ்சோடு அணைத்த ஐந்து வயதுப் பெண், ஐந்து வயதாகவே நின்று ஊரை எதிர்த்துப் பேசும் காட்சி நமக்குக் கிடைக்கவில்லை.

மட்டில்டா இசைநாடகத்தை அப்படியே தமிழாக்கலாமா எனின், வேண்டா என்பேன். ஆங்கில எழுத்துகளின் ஒலியை வைத்துச் சொல் விளையாட்டாக அமைந்த அதன் பாடல்கள் மொழிபெயர்ப்பில் உதிர்ந்துவிடும். கதையின் பிற்பகுதியிலும் எனக்கு உடன்பாடில்லை. கொடுமை செய்யும் தலைமையாசிரியை டிரஞ்ச்புல்லை மட்டில்டா தன் கண்ணின் ஆற்றலால் பொருள்களை அசைத்து அச்சுறுத்தி விரட்டுகிறாள். (அத்தலைமையாசிரியை வேடத்தை ஆண் நடிகரே தாங்கினார், கண்ணுசாமிப் பிள்ளையின் காலத்தார் அதைக் கண்டு முறுவலித்திருப்பர்.) மாயத்தால் தீரும் துன்பம் அரங்குக்கு இன்பம் தரலாம், ஒரகடத்துச் சிறுமிக்கு அக்கண் இல்லை. அவளுக்குக் கிடைக்கக்கூடியவர் நூலகரும் ஆசிரியையும் மட்டுமே. ஆதலால் அவ்விருவரைச் சுற்றியே நம் நாடகம் அமையவேண்டும்.

அமைப்பதற்குக் கருவி நம்மிடம் உண்டு. 'வள்ளி திருமண'மும் 'பவளக்கொடி'யும் திருவிழா இரவுகளில் இன்றும் நடைபெறுகின்றன. ஆர்மோனியமும் மிருதங்கமும் போதும்; இலண்டன் அரங்கின் பொருட்செலவு தேவையில்லை. விருத்தம் பாடத் தெரிந்த மாணவரும், சந்தத்துக்குச் சொல் அடுக்கத் தெரிந்த மாணவியரும் ஆண்டுதோறும் நம் துறைக்கு வருகின்றனர். கல்லூரி நாடகம் என்றால் சிலம்பின் வழக்குரை காதை என்று நாம் வழக்கமாக்கிவிட்டோம். கண்ணகிக்கு ஓராண்டு ஓய்வு அளித்தால் அவர் கோபிக்கமாட்டார்.

இலண்டனில் மட்டில்டாவாக ஒரே சிறுமி நாள்தோறும் நடிக்கவில்லை. நான்கு சிறுமியர் முறைவைத்து நடித்தனர்; 2012ஆம் ஆண்டின் ஒலிவியர் விருதுகளில் இசைநாடகத்தின் சிறந்த நடிகைக்குரிய விருதை நால்வரும் சேர்ந்தே பெற்றனர். பள்ளியும் உறக்கமும் கெடாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. இரவெல்லாம் ஆடிய நம் பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகளுக்கு அவ்வேற்பாடு இருந்ததில்லை. நாம் நாடகம் போடுவதாயின் இதை மட்டும் அவர்களிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரவு வேண்டா, ஞாயிறு பிற்பகல் போதும்.

சமுதாயப் பெரியோரிடம் ஒரு விண்ணப்பம். ஊர்தோறும் ஜமாஅத்துக்குரிய மண்டபங்கள் திருமண நாள் தவிர்த்த நாள்களில் பூட்டிக் கிடக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் சுற்றியுள்ள அத்தகைய மண்டபங்களில் ஓர் அறையை மாலை நேரம் திறந்துவிட்டால், நம் மாணவர்கள் முறைவைத்து அங்கே அமர்வர். எம்மதத்துப் பிள்ளையாயினும் உள்ளே வரட்டும், முகவரி கேட்கவேண்டா. தமிழ் நூலோடு இந்தி, ஒடியா, வங்க நூல்களும் இருக்கட்டும். பிள்ளைகள் கதை சொன்னால் மாணவர் கேட்கட்டும். கேட்டதை எழுதி வைக்கட்டும். நாடகத்துக்கு வேண்டிய கதை அக்குறிப்பேட்டிலிருந்தே கிடைக்கும். நடிக்கும் நான்கு சிறுமியரும் அவ்வறையிலிருந்தே வரலாம். அவர்களுள் ஒருத்தி தன் பாட்டை ஒடியாவில் பாடினால், பின்பாட்டுக்காரர் அதைத் தமிழில் வாங்கிப் பாடட்டும்.