ஒன்பதாம் நம்பர் ஜெர்சி யாருக்கு?

யானைக்கவுனிப் பாலத்தைத் தாண்டி ராஜா முத்தையா சாலையைப் பிடித்தால் நேரு ஸ்டேடியம். சென்னையின் எஃப்சி அணியின் சொந்த மைதானம் அதுதான். ஐஎஸ்எல் எனும் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய 2014-லேயே அந்த அணியின் பிரேசில்காரர் எலானோ, அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட் வாங்கினார். அடுத்த வருஷம் கொலம்பியாவின் ஸ்டீவன் மென்டோசா, 13 கோல். 2019–20-ல் லிதுவேனியாவின் நேரியஸ் வால்ஸ்கிஸ், 15 கோல். 2024–25 வரை நடந்த பதினொரு சீசன்களில் மூன்று கோல்டன் பூட் ஒரே அணிக்கு வந்திருக்கிறது. பெருமைதான். ஆனால் அந்தப் பதினொரு சீசன்களிலும், எந்த அணியிலிருந்தும், ஓர் இந்தியர்கூட அந்த விருதை வாங்கவில்லை.

பாலத்துக்கு வடக்கே புட்பாலுக்குப் பஞ்சமே இல்லை. வியாசர்பாடியைக் ‘குட்டி பிரேசில்’ என்று சொல்வார்கள். முல்லை நகர் கிரவுண்டில் வளர்ந்த பையன்கள் இந்தியா முழுக்க ஆடியிருக்கிறார்கள். வியாசர்பாடியின் தன்பால் கணேஷ் 2018 மார்ச் 13 அன்று நேரு ஸ்டேடியத்தில், கோவாவுக்கு எதிரான ஐஎஸ்எல் அரையிறுதியில் கோல் அடித்தார். சென்னை 3–0 என்று ஜெயித்து, நாலு நாள் கழித்துக் கோப்பையையும் தூக்கியது. இன்னொரு சென்னைப் பையன் நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானை வீழ்த்திய ஒரே கோலை அடித்தார். அதற்கு முன் இந்த இரு அணிகளும் மோதும் கொல்கத்தா டெர்பியில் தொடர்ச்சியாக எட்டு முறை தோற்றுத் தவித்த கிளப் ஈஸ்ட் பெங்கால். அன்று ராத்திரி கொல்கத்தாவின் பாதி ஊர் தூங்கியிருக்காது. ஐந்து மாதம் கழித்து சூப்பர் கோப்பை இறுதியிலும் அவர் கோல் அடித்தார், அதுவும் தன் பழைய அணியான ஒடிசாவுக்கு எதிராக.

கணேஷ் நடுக்களத்து ஆள். நந்தகுமார் விங்கர். கோல் போஸ்டுக்கு நேர் முன்னே நின்று விளையாடும் ஒன்பதாம் நம்பர் ஸ்ட்ரைக்கரை வடசென்னை இன்னும் அந்த உயரத்துக்கு அனுப்பவில்லை. தமிழ்நாட்டிலிருந்து அப்படி ஒருவர் காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்தார். பெயர் சிவசக்தி நாராயணன், பிறந்தது 2001-ல்.

சிவசக்தி பயின்றது ராமன் விஜயனின் பள்ளியில். அந்த வாத்தியார் யார் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1997–98 தேசிய லீகில் எஃப்சி கொச்சினுக்காக 10 கோல் அடித்து, நாட்டிலேயே முதலிடம் பிடித்தவர் ராமன் விஜயன். ஒரு தமிழர் இந்தியாவின் முதன்மை லீகில் அதிக கோல் அடித்தவராக இருந்த காலம் ஒன்று இருந்தது. அது ஒன்றும் புராண காலம் இல்லை. அதை நேரில் பார்த்தவர்கள் இப்போதும் கிரவுண்டு ஓரத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறார்கள்.

விஜயனின் பள்ளியிலிருந்து சிவசக்தி பெங்களூரு எஃப்சிக்குப் போனார், முதலில் அதன் இளையோர் அணியில். 2022-ல் ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் டெவலப்மென்ட் லீக் முதன்முறையாக நடந்தபோது பெங்களூருப் பிள்ளைகள்தான் ஜெயித்தார்கள். அதே வருஷம் டூரண்ட் கோப்பையில் அவர் பெரியவர்களோடு ஆடினார். செப்டம்பர் 18, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், மும்பை சிட்டிக்கு எதிரான இறுதி ஆட்டம். 11-வது நிமிடத்தில் சிவசக்தி கோல் போட்டார். பெங்களூரு 2–1 என்று வென்று தன் முதல் டூரண்ட் கோப்பையை எடுத்துக்கொண்டது. அவருக்கு வயது 21.

அடுத்து வந்த ஐஎஸ்எல் சீசன்தான் இந்தக் கதையின் உயிர். டிசம்பர் வரை பெங்களூரு பட்டியலில் கீழே கிடந்தது. அப்போது பயிற்சியாளர் சைமன் கிரேசன் பலரும் செய்யத் துணியாத ஒன்றைச் செய்தார். இந்தியக் கால்பந்தின் மிகப் பெரிய பெயரான சுனில் சேத்ரியைப் பெஞ்சில் உட்காரவைத்து, ஃபிஜித் தீவின் ராய் கிருஷ்ணாவுக்குப் பக்கத்தில் சிவசக்தியை இறக்கினார். லீகின் கடைசி எட்டு ஆட்டங்களிலும் பெங்களூரு வென்றது. சிவசக்தியின் கணக்கில் ஆறு கோல். சீசனின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. சேத்ரி முகம் சுளிக்காமல் பெஞ்சிலிருந்து வந்து ஆடினார். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், அந்த மனசு எல்லா நட்சத்திரங்களுக்கும் வாய்ப்பதில்லை.

2023 மார்ச் 18, கோவா ஃபட்டோர்டாவில் இறுதி ஆட்டம். தொடங்கிய சில நிமிடங்களிலேயே சிவசக்தி அடிபட்டு வெளியேறினார். அவர் இடத்துக்குச் சேத்ரி வந்தார். ஆட்டம் 2–2 என்று முடிந்து, பெனால்டி ஷூட்அவுட்டில் ஏடிகே மோகன் பகான் ஜெயித்தது.

சிவசக்தியின் மூலதனம் வேகம். எதிரணித் தடுப்பாளர்களின் முதுகுக்குப் பின்னால் ஓடுவது, அவர்கள் பந்தை வைத்து யோசிக்கிற அரை நொடியில் போய் மேலே விழுவது, இந்த இரண்டும் அவருக்குக் கை வந்த கலை. ஸ்ட்ரைக்கர் வேலையில் பாதி பந்தே இல்லாமல் நடப்பது. முன் கம்பத்துக்கு ஓடுவதா, பின் கம்பத்துக்கா. ஓட்டத்தை எப்போது நிறுத்துவது. தடுப்பாளர் திரும்பிப் பார்க்கும் கணத்தில் எந்தப் பக்கம் நழுவுவது. இவற்றைப் பயிற்சியில் ஓரளவுதான் கற்கலாம். ஆட்டத்தில் நாலு வாய்ப்பை வீணடித்துவிட்டு, அடுத்த வாரமும் களத்தில் இருந்தால்தான் மீதி கைகூடும். 75-வது நிமிடத்தில் இறக்கிவிடப்படும் பையனுக்கு ஒரே ஒரு வாய்ப்பு கிடைக்கும். அதையும் அவசரத்தில் வானத்துக்கு அடிப்பான்.

வாராவாரம் களத்தில் இடம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் மிரோஸ்லாவ் க்ளோசா ஓர் உதாரணம். 20 வயதிலும் அவர் ஏழாம் நிலை லீகில், ப்ளாவ்பாக்-டீடல்கோப் என்கிற கிராமத்து அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். கூடவே தச்சுவேலையும் பழகினார். பிறகு ஹோம்பர்க், அதன் பிறகு கைசர்ஸ்லாட்டர்ன். ஜெர்மனியின் முதல் லீகான பன்டஸ்லீகாவில் முதன்முதலாகக் கால் வைத்தது 2000 ஏப்ரலில், 21 வயதில். சிவசக்தி அதே வயதில் நாட்டின் முதல் லீகில் ஆறு கோல் அடித்து விருதும் வாங்கிவிட்டார். ஆரம்பத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நம்ம பிள்ளைதான் முன்னால் நிற்கிறார்.

க்ளோசாவின் அடுத்த இரண்டு வருஷத்தைப் பார்க்க வேண்டும். 2000–01-ல் 29 லீக் ஆட்டம், 9 கோல். அதற்கு அடுத்த சீசனில் 31 ஆட்டம், 16 கோல். 2002 உலகக் கோப்பையில் தலையாலேயே ஐந்து கோல். 2014-ல் ஜெர்மனி அணியிலிருந்து ஓய்வு பெறும்போது உலகக் கோப்பைகளில் மொத்தம் 16 கோல், வேறெந்த ஆணும் அப்போது எட்டாத கணக்கு. 9 கோல் அடித்த சீசனுக்குப் பிறகு கைசர்ஸ்லாட்டர்ன் ஒரு பெரிய வெளிநாட்டுப் பெயரை வாங்கி அவரைப் பெஞ்சுக்கு அனுப்பியிருந்தால் அந்த 16 எங்கிருந்து வந்திருக்கும்?

அவசரப்படுத்துவதும் ஆபத்துதான். அதே ஜெர்மனியின் யூசுஃபா மூகோகோ 16-வது பிறந்தநாளுக்கு மறுநாள் டார்ட்மன்டுக்காக இறங்கினார், 2020 நவம்பரில். 18 வயதில் உலகக் கோப்பை. பிறகு நிலையான இடம் கிடைக்காமல் நீஸ் அணிக்கு இரவலாகப் போய், 2025-ல் கோபன்ஹேகனுக்கே மாறினார். அவருக்கும் வாராவாரம் ஆடும் இடம் தேவைப்பட்டது.

பெங்களூருவில் என்ன ஆயிற்று? 2023–24 சரியாக அமையவில்லை; டிசம்பரில் கிரேசனை அனுப்பிவிட்டார்கள், அணி பத்தாவதாக முடித்தது. 2024–25-ல் முன்வரிசைக்கு அர்ஜென்டினாவின் பெரேரா டியாஸ், ஸ்பெயினின் எட்கர் மென்டஸ், கூடவே சேத்ரி. சிவசக்தி பல ஆட்டங்களில் பெஞ்சிலிருந்து வந்தார். அணி இறுதி வரை போனது உண்மை. சேத்ரி 40 வயதில் 14 கோல் அடித்து இந்தியர்களில் முதலிடம் பிடித்ததும் உண்மை. அதற்குக் கை தட்டாதவர் ஆட்டத்தை நேசிக்காதவர். அதே சேத்ரி 2024 ஜூன் 6 அன்று குவைத்துக்கு எதிராக ஆடி இந்திய அணியிலிருந்து விடைபெற்றிருந்தார். 2025 மார்ச்சில் அவரைத் திரும்ப அழைத்தார்கள், கோல் அடிக்க வேறு ஆள் இல்லாததால். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின் முதல் இரண்டு ஆட்டங்களில் இந்தியாவுக்கு ஒரு கோல்கூட இல்லை. வங்கதேசத்தோடு 0–0, ஹாங்காங்கிடம் 0–1. அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்று, 2027 போட்டிக்கான வாய்ப்பும் போயிற்று.

கோல் அடிக்க இந்திய ஸ்ட்ரைக்கர் கிடைக்காதது தற்செயல் இல்லை. ஐஎஸ்எல்லில் ஓர் அணி ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவரைக் களமிறக்கலாம். 2021–22-க்கு முன் அது ஐந்து. அந்த நாலில் ஒரு இடம் ஏறக்குறைய எல்லா கிளப்பிலும் ஸ்ட்ரைக்கருக்குத்தான், ஏனென்றால் கோல்தான் உடனே கண்ணுக்குத் தெரியும் சரக்கு. அதனால் இந்திய முன்வரிசைப் பையன்கள் ஓரத்துக்கு நகர்கிறார்கள். மோகன் பகானில் மன்வீர் சிங் வலது விங்குக்குப் போனார். சென்னையில் ரஹீம் அலியையும் பலமுறை விங்கில் பார்த்தோம். கிளப் மேலாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, ஜெயிக்காவிட்டால் அவர்கள் வேலை போய்விடும். மாற்ற வேண்டியவர்கள் விதியை வகுப்பவர்கள். களத்தில் இறங்கும் வெளிநாட்டவரை மூன்றாகக் குறைக்கலாம். அல்லது முன்வரிசையில் 23 வயதுக்குட்பட்ட இந்தியர் ஒருவர் ஒரு சீசனில் குறைந்தது இத்தனை நிமிடம் ஆட வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாம்.

அதற்கும் முதலில் லீக் நடக்க வேண்டும். 2025 ஜூலையில் ஐஎஸ்எல்லை நிறுத்திவைத்தார்கள். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீகின் வணிக உரிமை வைத்திருந்த நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் டிசம்பரில் முடியவிருந்தது. புதுப்பிப்பது பற்றி உடன்பாடு இல்லை. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி முதல் அணியின் சம்பளத்தையே நிறுத்தியது. சென்னையின் எஃப்சியும் வேலைகளை ஒத்திவைத்தது. வழக்கமாகச் செப்டம்பரில் ஆரம்பமாகும் சீசன் அந்த மாதத்தில் ஆரம்பமாகவில்லை. சிவசக்திக்கு அப்போது 24 வயது. க்ளோசா உலகக் கோப்பையில் தலையால் கோல் அடித்துக்கொண்டிருந்த வயது அது.