ரயில் இல்லாத ஊரின் பிள்ளைகளுக்கு

அந்தமானிலிருந்து மெயின்லேண்டுக்குப் போய்த் திரும்பும்போது நாம் கொண்டுவரும் பெட்டிகளைப் பாருங்கள். மிளகாய்த்தூள், முறுக்கு, புடவை, பிள்ளைக்கு ரிமோட் கார் எல்லாம் இருக்கும். ஒரு தமிழ்க் கதைப் புத்தகம் இருந்து நான் பார்த்ததில்லை. கேட்டால், "ஸ்கூல்ல இங்கிலீஷ், தெருவுல இந்தி, இங்க தமிழ் யார் பேசுறா?" என்கிறீர்கள். 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் நூற்றுக்கு 15 பேருக்குத் தமிழ்தான் தாய்மொழி. அந்த 15 பேரில் ஒருவராக இருந்துகொண்டு இந்தக் கேள்வியை யாரிடம் கேட்கிறீர்கள்?

சரி, வீட்டிலாவது என்ன பேசுகிறோம்? சாப்பிடு, குளி, ஹோம்வொர்க் முடி, ஃபோனை வை. நாள் முழுக்க இந்தக் கட்டளைகள்தான். புதுச் சொல் ஒன்றிரண்டு வருவதென்றால் கோபத்தில் திட்டும்போதுதான் வரும்.

அமெரிக்காவில் ஹேஸ், ஆரன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1988-இல் ஒரு கணக்கு எடுத்தார்கள். பட்டம் வாங்கிய பெரியவர்கள் தங்களுக்குள் பேசும்போது ஆயிரம் சொல்லுக்கு 17 அரிய சொற்கள் வந்தன. குழந்தைப் புத்தகங்களிலோ 31. இது ஆங்கிலத்துக்கான கணக்குதான். ஆனால் தமிழில் பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று. வீட்டுப் பேச்சை மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தைக்கு எழுத்துத் தமிழ் முதன்முதலாகப் பாடப் புத்தகத்தில், மார்க்கோடு சேர்ந்து வந்து நிற்கிறது. பிறகு "தமிழ் கஷ்டம்" என்று அது சொன்னால் குற்றம் யாருடையது?

இங்கே நமக்கென்று இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்தமான் காட்டில் புலி கிடையாது, நரி கிடையாது, கரடி கிடையாது. வடக்கே கல்பாங்கை விட்டால் சொல்லிக்கொள்ளும்படி ஆறு இல்லை. ரயில் அறவே இல்லை. அலை, முதலை, பவளப்பாறை பற்றி நம் பிள்ளைகள் மதுரைப் பிள்ளைகளுக்கே வகுப்பு எடுப்பார்கள். ஆனால் தண்டவாளமும் நரியின் ஊளையும் ஆற்று மணல்திட்டும் அக்கரையில் தெரியும் விளக்கும் அவர்களுக்கு எங்கிருந்து வரும்? கண்ணுக்கு எட்டாததைக் கதைதான் கொண்டுவர வேண்டும்.

"யூடியூபில் ரயிலைக் காட்டினேனே" என்பீர்கள். காட்டினீர்கள், பிள்ளையும் பார்த்தது. ரயிலே திரையில் ஓடும்போது அதைச் சொல்லத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கதையில் அப்படி இல்லை. சொல்லைச் சொல்லாய்க் கோத்து ரயிலைக் குழந்தையே ஓட்டியாக வேண்டும்.

ஃபிளாஷ் கார்டு வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல் அதிகம். அட்டையில் இருக்கும் நரி வெறும் நரி. கதையில் வரும் நரி பதுங்கும், நழுவும், ஏங்கும், பொறாமைப்படும், கடைசியில் அசடு வழியும். இந்தச் சொற்களை எந்த அட்டையில் படம் போட முடியும்? மனசுக்குள் நடப்பதைச் சொல்லும் சொற்கள் ஒரு ஆள் அகப்பட்டுத் தவிக்கும் கதையில்தான் ஒட்டிக்கொள்கின்றன. தம்பியின் பொம்மையை உடைக்கும் பிள்ளைக்கு, "எனக்குப் பொறாமையா இருக்கு" என்று சொல்ல வாய் வந்திருந்தால் பொம்மை தப்பித்திருக்கும்.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறதே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கதைகளை மீண்டும் மீண்டும் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகள், வேறு வேறு கதைகள் கேட்டவர்களைவிடப் புதுச் சொற்களை நன்றாகக் கற்றிருந்தார்கள். கதை முடிந்ததும், "இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று வாத்தியார் வேலை பார்ப்பதையும் விடுங்கள். சினிமா விட்டு வரும் உங்களை யாராவது அப்படிக் கேட்கிறார்களா?

புத்தகம் கிடைக்கவில்லை என்ற சாக்கு 2020-க்கு முன்னால் கொஞ்சம் செல்லுபடியானது. அந்த ஆண்டு ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் 2,300 கிலோமீட்டர் இணையக் கேபிள் வந்து சேர்ந்தது. அதில் ரீல்ஸ் மட்டும்தான் வரும் என்று யார் சொன்னது? பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். இறக்கி அச்செடுத்துக்கொள்ளவும் தடையில்லை. ஃபோனைப் பிள்ளை கையில் திணித்துவிட்டு எழுந்து போகாமல், மடியில் உட்கார வைத்து நீங்கள் வாசியுங்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளையென்றால், 2020-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' மாதிரி ஒன்றை அதுவே படிக்கட்டும். போர்ட் பிளேயரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) மாநில நூலகம் இருக்கிறது. அபர்டீன் பஜாருக்கு வாராவாரம் போகத் தெரிந்த நமக்கு அங்கே போகவும் வழி தெரியும்.

இங்கேயே பிறந்து இந்தியில் படித்த அப்பா அம்மாக்கள் சிலருக்குத் தமிழ் எழுத்து சரளமாக வராது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டே கதையைத் தவிர்க்கிறார்கள். படத்தைப் பார்த்து வாயால் சொல்லுங்கள், தடுக்கினாலும் பரவாயில்லை. அதுவும் முடியாதென்றால், பரமக்குடியில் இருக்கும் அப்பத்தாவைக் கூப்பிடுங்கள். வீடியோ காலில் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று கேட்டுவிட்டு வைக்கிறார், பாவம். அவரிடம் கதை கேட்கச் சொல்லிப் பிள்ளையை ஏவிவிடுங்கள். அரை மணி நேரம் ஓடினாலும் கேபிள் தாங்கும்.